வங்கிக்கு எந்த ஐபியில் போவது? நான் ரூட்டில் எழுதினேன்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணனின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே இன்டர்நெட் லைனில் 18, 19 என்று முடியும் இரண்டு ஸ்டேடிக் ஐபி (மாறாத இணைய முகவரி). வங்கியின் வைட்லிஸ்ட்டில், அதாவது அனுமதிப் பட்டியலில், இருப்பது 19. சர்வரோ 18-இல் போய்க் கதவைத் தட்டியது. "நம்ம கடையிலிருந்துதானே தம்பி போகுது, அப்புறம் ஏன் யாருன்னு கேக்கிறான்?" என்றார் அண்ணன்.

புரோகிராம் தானாக ஒரு முகவரியைக் கேட்காவிட்டால், ரூட்டில் (எங்கே போக எந்த வழி என்று சொல்லும் வரி, route) 'எஸ்ஆர்சி' (src, எந்த முகவரியிலிருந்து கிளம்புவது என்ற குறிப்பு) இருக்கிறதா என்று லினக்ஸின் மையமான கெர்னல் பார்க்கும். இல்லையென்றால் இன்டர்ஃபேஸின் (நெட்வொர்க் இணைப்பின்) முதல் முகவரிதான். புரோகிராமையே கேட்கவைப்பது சுத்தமான வழி. கர்ல், போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற புரோகிராம்களில் அதற்கு வசதி உண்டு. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் இல்லை, அத்தோடு சரி.

முதலில் லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில், கிளம்பும் முகவரியை மாற்றும் எஸ்நாட் (SNAT) விதியைப் போட்டேன். வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டி ஃபோன் பேசும் வரை குறையே தெரியவில்லை. பணம் போகவில்லை என்றார்கள். கடைப் பையனை, திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் 'எஸ்எஸ்' (ss) கமாண்டை அடிக்கச் சொன்னேன். 18 என்று படித்தான். ஐபிதான் கோளாறு என்று ஒரு மணி நேரம் ஃபயர்வாலைக் குடைந்தோம். உண்மையில் காலாவதியானது எங்கள் டிஜிட்டல் சான்றிதழ். எஸ்நாட் முகவரியை மாற்றுவது பாக்கெட் வெளியேறும் கடைசிக் கட்டத்தில். சாக்கெட்டுக்கு (புரோகிராம் திறந்த இணைப்புக்கு) அது தெரியாது, 'எஸ்எஸ்' பழையதையே காட்டும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், கொண்டை ஊசி வளைவில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாளே வங்கி முகவரிக்குத் தனி ரூட் எழுதி 'எஸ்ஆர்சி 19' சேர்த்தேன். இப்போது, எந்த வழியில் எந்த முகவரியில் போகும் என்று காட்டும் 'ஐபி ரூட் கெட்' கமாண்டை அடித்தால் ஒரே வரியில் பதில். 'எஸ்எஸ்' காட்டுவதும் 19, வங்கி பார்ப்பதும் 19. சர்வரை யார் பார்த்துக்கொண்டாலும் குழப்பமில்லை. எனக்கு இது ஒன்றே போதும்.

குறை இல்லாமலில்லை. 19-ஐ இன்டர்ஃபேஸிலிருந்து எடுத்தால் அந்த ரூட்டும் சத்தமில்லாமல் போய்விடும்; திரும்பச் சேர்த்தாலும் ரூட் தானாக வராது. ஒருமுறை பட்டேன். நெட்வொர்க் அமைப்புகளை எழுதிவைக்கும் நெட்பிளானில் அந்த ரூட்டை 'ஃப்ரம்' (from) சேர்த்து எழுதிவைத்தால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும். மற்ற கம்ப்யூட்டர்கள் இந்த சர்வர் வழியாக வெளியே போனால் 'எஸ்ஆர்சி' அவற்றைத் தொடாது, அங்கே எஸ்நாட்தான். இரண்டு இன்டர்நெட் கம்பெனி லைன் என்றால், எந்த முகவரிக்கு எந்த ரூட் அட்டவணை என்று சொல்லும் 'ஐபி ரூல்' தனியாக வேண்டும். அதை நான் வீட்டில் சோதித்ததோடு சரி, கடையில் ஓட்டியதில்லை.

'ஐபி ரூட் கெட்' வரியைத் தாளில் எழுதி சர்வர் மேல் ஒட்டியிருக்கிறேன். ஃபோன் வந்தால் பையனிடம் முதல் கேள்வி, "19 வருதா?"