யார்டில் எல்லாம் வேலை செய்யும்! கால்கரியில் ஆர்.வி. வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

கனடா ராக்கி மலைப் பக்கம் ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, ஹீட்டர் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு போகத் திட்டமிடுபவர்கள் வாடகை நிறுவனத்திடம் வண்டியைப் பெறும்போது முதல் வேலையாக, அவர்கள் வண்டி நிறுத்தும் யார்டில் அதற்குச் செருகி வைத்திருக்கும் மின்கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். எஞ்சினையும் அணைக்கச் சொல்லுங்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எங்களுக்கு வண்டி கொடுத்தவர்கள் அதைச் செய்யவில்லை. காலையில் தருவதாக இருந்த வண்டியைச் சாயங்காலத்துக்குத் தள்ளி, மூடும் நேரம் நெருங்கியதும் ஒரு பையன் வேகவேகமாகச் சுற்றிக் காட்டினான். விளக்கு எரிந்தது, ஹீட்டர் ஊதியது, பலகையில் பேட்டரி முழுசாக இருப்பதாகக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? யார்டு மின்சாரத்தில் சார்ஜரோ, வண்டியின் எஞ்சினோ ஓடிக்கொண்டிருந்தால் செத்த பேட்டரிகூட 13.6 வோல்ட் என்றுதான் காட்டும். கம்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, ஹீட்டரையும் விளக்குகளையும் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நல்ல பேட்டரி 12.5 பக்கத்தில் நிற்கும், 12க்குக் கீழே சரிந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் கடைசி. லேக் லூயிஸிலிருந்து ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச்சாலையில் வடக்கே 57 கிலோமீட்டர் போனால் வாட்டர்ஃபவுல் லேக்ஸ் முகாம், 1,600 மீட்டருக்கு மேல் உயரம், மின் இணைப்பு கிடையாது. அதனால் இரவு முழுக்க வண்டியின் பேட்டரிதான் துணை. புரொப்பேன் சிலிண்டர் நிறைய இருக்கிறதே, குளிர் காய அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஹீட்டரின் விசிறி பேட்டரியில் ஓடுகிறது, விசிறி போதிய வேகத்தில் சுற்றாவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் தீயைப் பற்றவே விடாது. நள்ளிரவு தாண்டியதும் அதுதான் நடந்தது. குளிர்ந்த காற்று மட்டும் கொஞ்ச நேரம் வந்து அதுவும் நின்றது, மின்சாரம் குறைந்ததும் கேஸ் அலாரம் விடியும்வரை கீச் கீச் என்று கத்திக்கொண்டே இருந்தது. இரவு 11 முதல் காலை 7 வரை அமைதி நேரம், ஜெனரேட்டரைத் தொடக்கூடாது. மாமியார் எங்கள் எல்லோருடைய ஜாக்கெட்டையும் மேலே போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள், பாவம்.

ஒப்பந்தத்தில் '24 மணி நேர உதவி எண்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தச் சாலையில் பெரும்பாலான இடங்களில் சிக்னலே கிடையாது என்பது தினமும் அங்கே வண்டி அனுப்புகிறவர்களுக்குத் தெரியாதா?

காலையில் மாமியாருக்கு வெயில் பட்ட இடத்தில் நாற்காலி போட்டு, மனைவியைத் துணைக்கு விட்டு, மகனும் நானும் கெஃப்ரன் ஏரிக்கு நடந்தோம். முகாமிலிருந்தே மிஸ்டாயா ஆற்றுப் பாலம் தாண்டிப் போகிற பாதை, வழியெல்லாம் வேரும் சேறும். பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்த அந்தப் பச்சை நீல நீரைப் பார்த்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது உண்மைதான். கரடி ஸ்பிரே இல்லாமல் போகாதீர்கள்.

சிக்னலுக்காக லேக் லூயிஸ் திரும்பி அழைத்தால், 'மின் இணைப்பு உள்ள முகாமுக்குப் போங்க, இல்லேன்னா கால்கரிக்குக் கொண்டு வாங்க' என்றார்கள். கோடையில் அங்கே முன்பதிவில்லாமல் இடம் கிடைப்பது அபூர்வம், கிடைக்கவும் இல்லை. கால்கரியோ 180 கிலோமீட்டர். ஜாஸ்பர் வரை போகலாம் என்ற திட்டத்தை விட்டுவிட்டு, அனுமதித்த நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டி ஓட்டிச் சமாளித்தோம்.

இதற்கு மேல்தான் வேடிக்கை. வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் முன்பணத்தில் 1,100 டாலர் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்குக்கு. அவர்களுடைய செத்த பேட்டரிக்கு நாங்கள் கட்டிய அபராதம் என்று சொல்லலாம். இன்னொன்று, கூரையில் கீறல். நாங்கள் கிளை தாழ்ந்த இடம் எதிலும் நுழையவில்லை, அந்தக் கீறலுக்குள் பாசி பிடித்துக் கறுத்திருந்தது! ஆனால் கொடுக்கும்போது யாரும் கூரையைக் காட்டவில்லை, ஏணி கேட்டதற்கு 'அவசியமில்லை' என்றான் பையன். வாங்கியிருந்த காப்பீட்டில் கூரை, அடிப்பாகம், டயர் மூன்றுக்கும் விலக்கு. மலைச்சாலையில் அடிபடக்கூடியவை இவைதானே, பிறகு எதற்குக் காப்பீடு?

ஆகவே ஏணி தராத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜெனரேட்டரின் மணி மீட்டர், கிலோமீட்டர், புரொப்பேன் அளவு எல்லாவற்றையும் அவர்கள் ஆள் நிற்கும்போதே வீடியோ எடுங்கள். டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும், 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரம். இந்த வண்டிகள் பாதி வருஷம் சும்மா நிற்பதால் பட்டன் தேயாமலே ரப்பர் வெடித்துப் போயிருக்கும்.

கூரைக்குப் பிடித்த பணத்தைக் கார்டு வழங்கிய வங்கி திருப்பித் தந்துவிட்டது, மகன் விளையாட்டாக எடுத்த ஒரு போட்டோவில் யார்டை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தக் கீறலின் ஓரம் தெரிந்ததால். ஜெனரேட்டர் தொகைக்கு ஆல்பர்ட்டா மாகாண நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை, கேட்காதீர்கள்.