பட்டறையை வீட்டோடு வைப்பதா, தனிக் கொட்டகையிலா?

எங்கள் வீட்டில் மண் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். சக்கரத்தில் வனைவது என் வீட்டுக்காரர், தட்டி அடி சேர்ப்பதும் தேய்த்து வழவழப்பாக்குவதும் நான், மண் பிசைவதிலிருந்து சூளை அடுக்குவது வரை எல்லாவற்றுக்கும் கண்ணாக இருப்பவர் அத்தை. நான்கரை வருடம் மதுரையை அடுத்த செக்கானூரணிப் பக்கம் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து நடத்தினோம். போன வருடம் மாசியில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு விளாச்சேரி வீட்டுக்கே வந்துவிட்டோம். வீட்டுக்குள் மண்ணைக் கொண்டுவந்தால் வீடு வீடாக இருக்காது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் அப்படி நினைத்துத்தான் முதலில் வெளியே போனோம். நடந்தது வேறு. சின்னதாகக் குடும்பப் பட்டறை வைத்திருக்கிற, வைக்க நினைக்கிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வீட்டுப் பக்கம்தான்.

காசுக் கணக்கை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கொட்டகைக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை, 50,000 முன்பணம், தினமும் போக வர 25 கிலோமீட்டருக்குக் குறையாமல் வண்டி ஓட்டியதில் பெட்ரோலுக்கு 1,300 ரூபாய் பக்கம். வீட்டில் இவை மூன்றும் இல்லை. சக்கரத்துக்கென்று தனி மின் இணைப்பு வாங்கினோம், வீட்டு மீட்டரில் தொழில் நடத்தக் கூடாது, அதை முதலிலேயே சரியாகச் செய்துவிடுவது நல்லது. இடமும் ஒரு காலத்தில் இருந்த அளவுக்குத் தேவையில்லை. தாத்தா காலத்துச் சக்கரம் அகலமாக, சுற்றிலும் ஆள் நின்று கம்பு போட்டுச் சுழற்ற இடம் கேட்கும். இப்போதைய மின்சக்கரம் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018இலிருந்து குயவர்களுக்கு மின்சக்கரம் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. எங்களுடையது நாங்களே காசு போட்டு வாங்கியது.

ஆனால் வாடகைக்காக நாங்கள் திரும்பி வரவில்லை. வந்தது பதத்துக்காக.

மண் வேலை தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பானை சக்கரத்திலேயே முழுப் பானையாகி இறங்குவதில்லை. வாயும் கழுத்தும்தான் சக்கரத்தில் அமையும், அடிப்பாகம் தடித்துத் திறந்திருக்கும், நூலால் அறுத்து நிழலில் வைப்போம். பிறகு உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே தட்டுப்பலகையால், ஒட்டாமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொண்டு, சுற்றிச் சுற்றித் தட்டி அடியை மூடி வயிற்றை விரிக்க வேண்டும். இந்தத் தட்டு வேலைக்கு ஒரு நேரம் இருக்கிறது. ஈரம் அதிகமாக இருந்தால் தட்டும்போது தொப் தொப்பென்று கேட்கும், பானை உட்கார்ந்துவிடும். காய்ந்துபோனால் முதல் தட்டிலேயே மயிரிழை போல ஒரு கோடு ஓடும். நகம் பதிய வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். அது நிற்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம்.

அந்த நேரம் எப்போது வரும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. சித்திரை வெயிலில் காலையில் வனைந்தது மத்தியானம் மூன்று மணிக்குள் தட்டக் கேட்டுவிடும். மார்கழியில் மறுநாள் காலை வரை பொறுத்திருக்கும். வெயிலைவிட மோசம் ஆடிக் காற்று, காற்றுப் படுகிற பக்கம் இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும், மறுபக்கம் அப்போதுதான் வனைந்தது போல ஈரமாக இருக்கும், ஒரே பானைக்குள் இரண்டு பதம். திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், ஈரச் சாக்கைப் போட்டு மூட வேண்டும், எடுக்க வேண்டும். பானைக்குத் தேவை நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை, ஐந்து நிமிடம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். அந்த ஐந்து நிமிடம் காலை ஆறு மணிக்கு வரும், இரவு ஒன்பதுக்கும் வரும்.

கொட்டகையில் இதுதான் முடியாமல் போனது. பள்ளிக்கூடம் விட்டு மகள் வருவதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். நாலு மணிக்குக் கிளம்பினால், அன்று ஆறு மணிக்குப் பதத்துக்கு வரப்போகிற பானைகளை ஈரச் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடிவிட்டுத்தான் வருவேன். மறுநாள் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் அடி சொதசொதவென்று இருக்கும், மூடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாய் வெளுத்திருக்கும். ஒரு ஆடி மாதம் கோயில் கூழுக்கு 40 பானை சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வனைந்துவிட்டோம், மறுநாள் மகளுக்குக் காய்ச்சல், வீட்டுக்காரரும் மண் எடுக்கப் போய்விட்டார், அத்தை தனியாகப் பேருந்தில் போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிட்டது. 26 பானையில் கோடு. சுடாத மண் ஊறப் போட்டால் திரும்ப மண்தான், அது வீணில்லை. இரண்டு நாள் உழைப்பும் சொன்ன தேதியும் போயின. அன்றிரவு வீட்டுக்காரர் சாப்பிடவே இல்லை.

இப்போது பின்கட்டில் பானை இருக்கிறது. குக்கர் விசில் வரும் இடைவெளியில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பானை தட்டிவிட்டுப் படுப்பதும் உண்டு. அத்தைக்குத் தூக்கம் குறைவு, விடியற்காலையில் பின்கட்டு விளக்கைப் போட்டுவிட்டு, "ஏத்தா, பதம் போயிரும், எந்திரி" என்று ஒரு குரல் கொடுப்பார். முன்பு நூற்றுக்கு 15, 20 கோடு விடும், இப்போது ஐந்தாறுதான். ஒரே மண், ஒரே கை, மாறியது தூரம் மட்டும். மானாமதுரையில் கச்சேரியில் வாசிக்கிற கடம் செய்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், கடத்தை ஒரு தடவை தட்டிவிட்டு விட முடியாது, காயக் காயப் பல முறை தட்டிச் சுவரைச் சமமாக்க வேண்டும், வீட்டு வாசலிலேயே அது நடக்கிறது. வேலையும் வீடும் ஒன்றாக இருப்பதை இடமில்லாத குறை என்று நான் நினைத்திருந்தேன். வேலையே அப்படிக் கேட்கிறது என்பது எனக்கு நான்கரை வருடம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, வீடு என்ன ஆயிற்று? எங்களுடையது இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் தகரம் போட்ட ஒரு கட்டு. பட்டறைக்கு இடம் வேண்டுமென்றால் சாமான் போக வேண்டும். சோபா போயிற்று, ஷோகேஸ் போயிற்று, யாரும் படுக்காத இரண்டாவது கட்டில் போயிற்று. கடினமாக இருந்தது பரண்தான். என் கல்யாணச் சீரும் அத்தையின் கல்யாணச் சீருமாகச் சேர்ந்து எவர்சில்வர் அண்டா, குடம், தூக்கு, அடுக்கு என்று பரண் முழுக்கப் பாத்திரம், 12 வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதை இறக்கிப் புழங்கியதில்லை. அத்தை ஒரு பித்தளைக் குடத்தையும் ஒரு செம்பையும் எடுத்து வைத்துக்கொண்டார், மற்றதை எடைக்குப் போட்டோம். அன்று அவர் கொஞ்சம் அழுதார், நானும்தான்.

ஆனால் அந்தப் பரண் இப்போது எங்கள் பட்டறையிலேயே முக்கியமான இடம். கீழே அடுப்பு எரிவதால் மழைக்காலத்திலும் அங்கே இளஞ்சூடு இருக்கும், காற்று அடிக்காது, தட்டி முடித்த சட்டிகள் வாய் முதல் அடி வரை ஒரே சீராகக் காய்கின்றன. வெளியே காய்ந்தது போலத் தெரிந்து உள்ளே ஈரம் தங்கிய சட்டி சூளையில் நூறு டிகிரி தாண்டும்போது ஆவி கிளம்பி வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். பரணில் ஒரு வாரம் இருந்தது இதுவரை எனக்கு வெடித்ததில்லை. பாத்திரம் குறைந்ததில் கழுவுகிற வேலையும் குறைந்தது. நாலு மண்சட்டி, ஒரு சோற்றுப் பானை, குக்கர், தோசைக்கல், அவ்வளவுதான் புழக்கம். சூளையில் லேசாகக் கோணிப்போய் விற்க முடியாத சட்டிகளை வடிகஞ்சி ஊற்றிப் பழக்கி நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

தூசியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காய்ந்த மண்ணின் நுண்தூளில் சிலிகா இருக்கிறது, வருடக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும், குழந்தை இருக்கிற வீட்டில் இதில் விளையாட முடியாது. அதனால் பின்கட்டில் விளக்குமாறு கிடையாது. பெருக்கினால் தூசி எழும்பும், ஈரச் சாக்கால் துடைக்க மட்டும்தான் செய்கிறோம், தினமும் இரண்டு வேளை. காய்ந்த சட்டியை உரசி வழவழப்பாக்குகிற வேலையை வெளியே வேப்பமரத்தடியில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்கிறேன். வேலைச் சேலை பின்கட்டைத் தாண்டி உள்ளே வராது. கைகழுவுகிற தண்ணீரை நேராகச் சாக்கடையில் விட்டு, வந்த இரண்டாவது மாதமே குழாய் அடைத்துத் தெருவில் எல்லோரிடமும் பேச்சு வாங்கினோம். இப்போது மூன்று வாளி. முதல் வாளியில் கழுவு, மண் அடியில் தங்கும், தெளிந்ததை அடுத்ததில் ஊற்று, மூன்றாவதில் இருப்பது செடிக்குப் போகும். தங்கிய மண் திரும்ப வேலைக்கு. இது நாள்தோறும் அரை மணி நேர வேலை. கொட்டகையில் இந்த அரை மணி நேரம் இல்லை, ஆனால் அங்கே போக வர ஒன்றரை மணி நேரம் போயிற்று.

கொட்டகைக்கு என்று சொல்ல நியாயமாகச் சில இருக்கின்றன. முதலாவது, மண். கண்மாயில் களிமண் எடுக்க 2024இலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்திலேயே கட்டணமில்லாமல் அனுமதி தருகிறார்கள், ஆனால் எடுத்தால் டிராக்டர் கணக்கில் எடுக்க வேண்டும், மழைக்கு முன்பே எடுத்துக் குவிக்க வேண்டும். கொட்டகை வாசலில் ஒரு வருட மண் கிடந்தது. இங்கே பாதி லோடுக்குமேல் இடமில்லை, மீதி வீட்டுக்காரருடைய மாமா வீட்டுக் களத்தில் கிடக்கிறது, சாக்கில் கட்டி எடுத்து வருகிறோம். இரண்டாவது, ஆட்கள். வீட்டில் பட்டறை என்றால் ராத்திரி எட்டு மணிக்கும் ஒருவர் வந்து பூந்தொட்டி கேட்பார். முதல் ஆறு மாதம் முகத்துக்காக எல்லோருக்கும் கதவைத் திறந்தோம், இப்போது மாலை ஆறு மணிக்குமேல் விற்பனை இல்லை என்று வாசலில் எழுதியே வைத்துவிட்டோம். பொம்மை வாங்க எங்கள் ஊருக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள், கொலு நேரத்திலும் கிறிஸ்துமஸ் குடில் நேரத்திலும் தெருவே நிறைந்திருக்கும், அவர்களில் பலர் எங்கள் சட்டியையும் எடுத்துப் பார்க்கிறார்கள். செக்கானூரணியில் இந்த வியாபாரம் இல்லை.

மூன்றாவது சூளை. இதற்கு வீட்டில் வழியே இல்லை. நெருக்கமான தெருவில் சீமைக் கருவேல விறகு போட்டு எரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? அதே மாமாவின் சூளையில்தான் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சுடுகிறோம். குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி, காய்ந்த, இன்னும் சுடாத பச்சைப் பானைகளை ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கிக் கொண்டுபோக வேண்டும். வீட்டுப் பட்டறையில் எனக்குப் பயமான நாள் அது ஒன்றுதான், காய்ந்த பச்சைப் பானை அப்பளம் மாதிரி. வேகத்தடைகளில் வண்டி ஏறி இறங்கும்போது வீட்டுக்காரர் பின்னால் நின்று சாக்கைப் பிடித்துக்கொண்டே வருவார். ஒரு நடைக்கு மூன்று நான்கு உடைந்து போகும். மின் சூளை வாங்கினால் இந்தப் பயணமும் இல்லை, புகையும் இல்லை என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் வைத்திருக்கிறார், அதில் இருபது கோப்பை சுட்டுப் பார்த்தோம், நிறம் ஒரே சீராக வந்தது, எனக்குப் பழகிய அந்தக் கருஞ்சிவப்புத் தீ நாக்குத் தடம் இல்லை. ஒரு தடவை சுட்டதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். கூடுதல் மின்பளு கேட்க வேண்டும், சூளையின் விலையும் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை.

நான் சொல்வது எல்லாம் ஒன்றரை வருட அனுபவம், அதில் மழைக்காலம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் நாங்கள் திணறினோம் என்பதையும் மறைக்கக் கூடாது. கார்த்திகைக்கு அகல் ஆயிரக்கணக்கில் வேண்டும், அதைக் காயவைக்க வேண்டியது ஐப்பசி அடைமழையில். அகலைத் தட்டத் தேவையில்லை, அதற்குப் பதம் இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டியதும் இல்லை, தேவை விரித்து வைக்கத் தரைதான். பரண் நிறைந்து, கட்டிலுக்கு அடியில் நிறைந்து, கடைசியில் மகள் படிக்கிற மேசை மேலும் பலகை போட்டு அடுக்கினோம். அவள் ஒரு மாதம் தரையில் உட்கார்ந்து எழுதினாள். அகல் மட்டும் செய்கிறவர்களாக இருந்தால், நான் கொட்டகையைத்தான் எடுக்கச் சொல்வேன். சட்டி பானை தட்டுகிறவர்கள், அதுவும் தட்டுகிறவரே சமைத்துப் பிள்ளையையும் பார்க்கிற வீடாக இருந்தால், வீட்டை விட்டுப் போகாதீர்கள்.

இந்த வருடம் பழைய கொட்டகைக்காரரிடமே போய், ஐப்பசிக்கு மட்டும் ஒரு மாதத்துக்குத் தருவீர்களா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார் வீட்டுக்காரர். 4,000 ரூபாய் சொல்கிறார்களாம். மேசை திரும்பக் கிடைக்கும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.