சொரியாசிஸ், ஆறு வருட ஆயுர்வேதம்: பலன் தந்ததும் தராததும்

எனக்கு சொரியாசிஸ் என்ற தோல் நோய் வந்து பதினோரு வருடம். அதில் கடைசி ஆறு வருடம் ஆயுர்வேதம். போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த படை இப்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கிறது. தலையில் பொடுகு மாதிரி லேசாக. முதுகு சுத்தம். கறுப்புச் சட்டை போடுகிறேன். இந்த வியாதிக்காரர்களுக்கு அந்தக் கடைசி வரி புரியும்.

ஆயுர்வேதத்துக்குப் போனதே சலிப்பில்தான். ஸ்டீராய்டு களிம்பு பூசினால் இரண்டு வாரத்தில் பளிச்சென்று ஆகும்; நிறுத்தினால் முன்னைவிடச் சீறிக்கொண்டு வரும். தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அதே வேலை மூன்று முதல் ஐந்து நாளில் நடந்துவிடுகிறது. பழசு உதிர்வதற்குள் புதுசு வந்து மேலே அடுக்கிக்கொள்கிறது, அதுதான் செதில். கோளாறு நோய் எதிர்ப்பு சக்தியில் இருக்க, நான் மேலே மேலே பூசிக்கொண்டிருந்தேன்.

முதலில் போன இடத்தில் நன்றாக ஏமாந்தேன். லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு பச்சைக் களிம்பு. என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லாம் மூலிகைதான்." பத்தே நாளில் படை மறைந்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் ஆயுர்வேதப் பெருமை பேசினேன். நான்காவது மாதம் முழங்கை மடிப்பில் தோல் மெலிந்து நரம்பு நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. பயந்து நிறுத்தினேன், மூன்றே வாரத்தில் உடம்பெல்லாம் சிவந்து கொதித்தது. தோல் டாக்டர் அந்த மடிப்பைப் பார்த்த மாத்திரத்தில், இது ஸ்டீராய்டு செய்த வேலை என்றார். நான் எதிலிருந்து தப்பி ஓடினேனோ அதையே பச்சை வர்ணத்தில் வாங்கிப் பூசியிருக்கிறேன். மூலிகை பத்து நாளில் சொரியாசிஸை மறைத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது வைத்தியர் பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேதப் பட்டம் படித்தவர். படையைப் பார்ப்பதற்கு முன்பு மலம், தூக்கம், குடி எல்லாம் விசாரித்தார். தொண்டை வலி வந்து போன பிறகு அதிகமாகிறதா, பிரஷருக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். தொண்டைத் தொற்றும் சில பிரஷர் மாத்திரைகளும் சொரியாசிஸைக் கிளப்பிவிடக் கூடியவை என்பது எனக்கு அப்போது தெரியாது. "குணமாக்குறேன்னு சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்காகவே தங்கினேன்.

சீட்டில் அவர் எழுதிய நோய்ப் பெயர் ஏககுஷ்டம். அதைப் படித்த என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. நாம் குஷ்டம் என்றால் தொழுநோய் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? ஆயுர்வேதத்தில் அது தோல் நோய்களுக்கெல்லாம் பொதுப் பெயர். சரக சம்ஹிதை அதைப் பதினெட்டாகப் பிரிக்கிறது. வியர்க்காத, அகலமான, மீன் செதில் போன்ற படை ஏககுஷ்டம். சொரியாசிஸ் யாருக்கும் ஒட்டாது என்று அன்று வீட்டில் உட்கார வைத்து ஒருமுறை விளக்க வேண்டியிருந்தது.

முதல் மூன்று மாதம் பட்டோலகடுரோகிண்யாதி கஷாயம். பதினைந்து மில்லிக்கு நான்கு பங்கு வெந்நீர் சேர்த்து, வெறும் வயிற்றில். கசப்பைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. அரிப்பு கொஞ்சம் குறைந்தது, செதில் குறையவில்லை.

அப்புறம்தான் பஞ்சகர்மா என்ற உடல் சுத்திகரிப்பு சிகிச்சை. அதில் சினேகபானம் என்பது மருந்து காய்ச்சிய நெய்யைக் குடிப்பது. எனக்குப் பஞ்சதிக்த குக்குலு கிருதம். முதல் நாள் முப்பது மில்லி, பிறகு நாளுக்கு நாள் ஏற்றி ஏழு நாள். இரண்டாம் நாள்வரை வீரமாக இருந்தேன். ஐந்தாம் நாள் டம்ளரைப் பார்த்ததுமே தொண்டை அடைத்தது. குடித்துவிட்டு வெந்நீரை மடக்கு மடக்காக விழுங்க வேண்டும். நன்றாகப் பசிக்கும்வரை வேறொன்றும் கிடையாது. மதியம்வரை ஏப்பத்தில் கசப்பு நெய். ஆறாம் நாள் மலத்தில் நெய் மிதந்தது. அதைச் சொன்னதும் வைத்தியர் முகத்தில் அப்படியொரு திருப்தி! பிறகு எண்ணெய் தேய்த்து ஆவிக் குளியல், அதன் பின் திரிவிருத் லேகியம் கொடுத்துப் பேதி. எத்தனை தடவை போனது என்று எண்ணிச் சொல்லச் சொன்னார்கள். பதினொன்று. அதன் பிறகு தண்ணீராய்க் கஞ்சி, கெட்டிக் கஞ்சி, குழைந்த சோறு என்று படிப்படியாகத்தான் பழைய சாப்பாட்டுக்கு வர முடிந்தது. தலைக்கு மோர் தாரையும் செய்தார்கள். குளிர்ச்சியாக இருந்தது, பலன் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த முறை ஐந்து மாதம் உடம்பு ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது. மறு வருடம் திரும்பச் செய்தேன், இரண்டு மாதம்தான் தாங்கியது. மூன்றாவது முறைக்கு லீவும் இல்லை, தெம்பும் இல்லை.

உண்மையில் என்னைத் தாங்கிப் பிடித்தது வெட்பாலை தைலம். கறாராகப் பார்த்தால் அது சித்த மருத்துவத்துச் சரக்கு, ஆனால் என் வைத்தியர் அந்த வேலி பார்ப்பவரல்ல. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் மெல்ல ஊதாவாகிவிடும். தினமும் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, செதிலைச் சுரண்டாமல் குளித்துவிட வேண்டும். சுரண்டினால் கீறிய இடத்திலேயே புதுப் படை முளைக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு தலையணை உறை நிரந்தர ஊதா. எவ்வளவு தூரம் இலையின் வேலை, எவ்வளவு தூரம் தோலை வறளவிடாத எண்ணெயின் வேலை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. விட்ட வாரம் தோல் வெடிக்கிறது, அவ்வளவுதான்.

பத்தியமும் இருந்தது. பாலும் மீனும் சேரக் கூடாது, ராத்திரி தயிர் கூடாது. ஒரு வருடம் ஒழுங்காக இருந்தேன், பிறகு ராத்திரி தயிரை எடுத்துக்கொண்டேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. குடியை விட்டபோதும் எட்டு கிலோ குறைந்தபோதும் வித்தியாசம் தெரிந்தது.

ஒரு கட்டத்தில் ஆரோக்கியவர்த்தினி என்ற மாத்திரை சேர்த்தார். அதில் சுத்தி செய்த பாதரசம் உண்டு. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை. இரண்டாவது ரிப்போர்ட்டில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ஏறியிருந்தது. பார்த்ததும் அவரே நிறுத்திவிட்டார். மூலிகைக்கு எதற்கு டெஸ்ட் என்று அலுத்துக்கொண்டது நான்தான்.

நான்காம் வருடம் காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. நகத்தில் ஊசியால் குத்தினதுபோல் குழிகள். மூட்டைத் தொட்டுப் பார்த்த வைத்தியர், இது என் கையில் இல்லை என்று மூட்டு டாக்டருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சொரியாசிஸோடு வரும் மூட்டு வாதம். தள்ளிப்போட்டால் மூட்டே கோணிப்போகலாம், பிறகு நேராக்க முடியாது. நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டும் ஈரலில் போய் முட்ட வேண்டாம் என்று கஷாயம், நெய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன்.

அப்படியானால் தோல் இவ்வளவு தேறியது எதனால்? மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிக்கும் முன்பே முழங்கைப் படை பாதியாகச் சுருங்கியிருந்தது, கையில் போட்டோ இருக்கிறது. மீதிப் பாதி மாத்திரையின் கணக்கு. விரல்கள் முழுக்க அதன் கணக்கு.

இப்போது காலையில் தைலம், வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், மறுநாள் ஃபோலிக் அமிலம். ரத்தப் பரிசோதனை அதே மூன்று மாதக் கணக்கில். அலமாரியில் அரை பாட்டில் கஷாயம் இன்னும் நிற்கிறது. தேதி எப்போதோ முடிந்துவிட்டது. கொட்ட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைக்கிறேன்.