லேசர் இல்லாத லேசர் காட்சி

மண்டபத்தில் நடந்த ஒரு திருமண வரவேற்புக்கு, ராமநாதபுரத்து ஒலி, ஒளி வாடகை நிலையம் ஒன்று லேசருக்குப் பதிலாக வீடியோ புரொஜெக்டரைக் கொண்டுவந்திருந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் வட்டங்களும் நகரும் படத்தை ஓடவிட்டுப் புகை எந்திரத்தை இயக்கியதும், புள்ளி கதிராகவும், கோடு ஒளித்தகடாகவும், வட்டம் நடுவே வெற்றிடமுள்ள கூம்பாகவும் மண்டபத்துக்குள் நீண்டன. அரை வாட்டுக்கு மேற்பட்ட 4-ஆம் வகுப்பு (ஆபத்து மிகுந்த வகை) லேசரின் கதிர் நேராகப் பட்டால் கணப்பொழுதில் விழித்திரையைச் சுட்டுவிடும் என்பதால், குழந்தைகள் ஓடியாடும் இடத்துக்கு, லென்ஸிலிருந்து விரிந்து பரவும் இந்த ஒளியே ஏற்றது. ஆயினும் இதையும் அருகில் நின்று உற்றுப் பார்க்கலாகாது; ஊழியர்கள் புரொஜெக்டரை ஆள் உயரத்துக்கு மேலே கட்டியிருந்தது பாராட்டத்தக்கது.

குறைகளும் உண்டு. கறுப்புப் பகுதியிலும் சாம்பல் வெளிச்சம் கசிந்ததால், லேசருக்குரிய கூர்மை கிட்டவில்லை. கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு) மிகுந்த புரொஜெக்டரைக் கேட்டு வாங்குவது நல்லது. கடற்காற்று புகையை நிற்கவிடவே இல்லை (இந்தக் கரையில் தொழில் செய்பவர்களுக்கு இது தெரியாதா என்ன?). காற்று வந்த பக்கம் படுதா கட்டிய பிறகே காட்சி தெளிந்தது. திறந்த கடற்கரைக்கு இச்சேவையைப் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய மண்டபத்துக்குத் தாராளமாக அழைக்கலாம்.