புது கேரியரை யாரிடம் விற்பது: ஓட்டுபவரிடமா, தள்ளுபவரிடமா?

மச்சானின் வெல்டிங் பட்டறையில் ஆறு மாதமாக ஒரு சைக்கிள் கேரியர் உருவானது. 10 மி.மீ. இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் பை மாட்டக் கம்பி, 25 கிலோ தாங்கும். செய்து முடித்த பிறகுதான் யாரிடம் விற்பது என்று யோசித்தோம். இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் ரோட்டில் அரை மணி நேரம் நின்றால் ஆட்டோக்களை எண்ணி மாளாது. சைக்கிளுக்கு ஒரு கை விரல் போதும்.

முதலில் மச்சான் கண் வைத்தது வெளிநாட்டுப் பயணிகள்மேல். எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் மூட்டை முடிச்சோடு சைக்கிளில் வருகிறார்களே, அவர்கள். ஆனால் அந்த மூட்டை எதன்மேல் இருக்கிறது? கேரியரும் அவர்களோடு சேர்ந்தேதான் விமானம் ஏறி வந்திருக்கிறது. அது உடைந்தால் மட்டும் நம்மைத் தேடுவார்கள். பெரும்பாலும் அலுமினியம், சாதாரண வெல்டிங் மெஷினால் ஒட்ட முடியாது. அப்போது ஒன்று வாங்குவார்கள். வருடத்துக்கு எத்தனை பேருக்கு உடையும்?

அடுத்தது கொழும்பிலிருந்து கடுகண்ணாவ வழியாகவோ றம்பொடை ஏற்றத்திலோ வார இறுதியில் மிதித்து வருபவர்கள். கையில் காசு இருக்கிறது, வெறியும் இருக்கிறது. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு மிதித்தே வருகிறவரிடம் இரும்புக் கேரியரைக் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை கிராம்?" அந்த வண்டிகளில் பாதிக்கு கேரியர் பூட்ட ஓட்டையே கிடையாது. சீட் தண்டில் கவ்வும் வகை வேண்டும், அது 10 கிலோவுக்கு மேல் தாங்காது. போதாததற்கு, பை எல்லாம் பின்னால் வேனில் வருகிறது.

கிரகரி வாவியைச் சுற்றி வாடகைக்கு விடும் சைக்கிள்களை எண்ணி நானும் ஒரு நாள் கனவு கண்டேன். சமதளம், ஒரு மணி நேரம், கையில் ஒரு தண்ணீர் போத்தல். அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பவர் நம்மவர். 2022இல் பெட்ரோல் வரிசை நீண்டபோது கடன்பட்டு வாங்கிய சைக்கிள் இன்னும் தோட்ட லயத்துக் காம்பரா இஸ்தோப்பில் (அறையின் முன்திண்ணையில்) சாய்ந்து நிற்கிறது. ஏற்றத்தில் அதை யாரும் மிதிப்பதில்லை. உருளைக்கிழங்கையோ கரட்டையோ தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டு வரை தள்ளுகிறார்கள். இங்கே சைக்கிள் பாதி நேரம் கைவண்டிதான்.

கந்தப்பளைப் பக்கம் ஒரு பெரியவரிடம் சோதனைக்கு ஒன்று கொடுத்தோம். "25 கிலோவா? என் அரை மூட்டையே அதத் தாண்டும் தம்பி," என்று சிரித்தார். சிரித்தபடியே ஏற்றிவிட்டார். முதல் வளைவில் முன்சில்லு அந்தரத்தில் எழும்பியது, மூட்டை மண்ணில். மச்சான் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஒரு விழுதலில் விஷயம் புரிந்தது. மிதிப்பவரின் குதிகால் பையில் இடிக்காமல் இருக்க கேரியரைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறோம். பாரம் பின்அச்சுக்குப் பின்னால் போனால் ஏற்றத்தில் முன்சில்லு தூக்கும். தள்ளுபவருக்குக் குதிகால் பிரச்சினையே இல்லை. ஆகவே நான்கு விரல் முன்னுக்கு, இரண்டு விரல் கீழே இறக்கினோம். கால்களை 5 மி.மீ. போல்ட்டில் பூட்டாமல் பழைய லுமாலா சைக்கிள் மாதிரி அச்சு நட்டிலேயே மாட்டினோம். இப்போது அதே பெரியவர் மூட்டையோடு ஒற்றைக் கையால் ஹேண்டிலைப் பிடித்து ஏறுகிறார்.

ஒரே கேரியரை மூவருக்கும் விற்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. முதல் இருவருக்கும் ஃபேஸ்புக்கில் படம் போட்டால் போதும். நம்மவர் படத்தை நம்பமாட்டார். சம்பளம் விழும் 10ஆம் திகதி, டவுனுக்குள் ஏறும் மேட்டில் மூட்டை கட்டிய வண்டியை நிறுத்தி, "ஒரு தடவை தள்ளிப் பாருங்கண்ணே" என்று கையில் கொடுக்க வேண்டும். இலாபம் குறைவு, தவணை கேட்பார்கள், அதுவும் உண்மை. இருந்தாலும் என் ஓட்டு இவருக்கே.

மச்சான் மட்டும் இன்னும் இங்கிலீஷ் போர்டு எழுதலாமா என்கிறார். பெரியவரோ தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி செருக ஓரத்தில் ஒரு வளையம் கேட்டிருக்கிறார். அடுத்த பத்து கேரியரிலும் வளையம் இருக்கும்.