மட்டம் போட்டால் வரும் சம்மன்: டெக்சஸ் ட்ரூயன்சி கோர்ட், ஒரு மதிப்புரை

உணவகத்துக்கும் கைபேசிக்கும் மதிப்புரை எழுதுகிறோம். பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டால் டெக்சஸ் மாநிலம் தரும் 'சேவை'யான ட்ரூயன்சி (காரணமில்லாமல் பள்ளிக்கு வராமை) கோர்ட்டுக்கும் ஒன்று எழுதலாம். கேட்டு வாங்கும் சேவை இல்லை, வீடு தேடி வரும். எங்கே ஒழுங்காக ஓடுகிறது, எங்கே இடறுகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

பழைய பதிப்பு மோசமானது. 2015 வரை மட்டம் போடுவது அங்கே கிளாஸ் சி குற்றம், அதாவது சிறு குற்றங்களில் கடைசி வகை. அபராதம் 500 டாலர் வரை, பதிவேட்டில் குற்றவாளி என்ற கறை வேறு. கட்டத் தவறிய பிள்ளை 17 வயதைத் தொட்டதும் சிறை வரை போன கதைகள் உண்டு. 2015 செப்டம்பர் 1 முதல் அது சிவில் விவகாரம். குடும்பச் சட்டத் தொகுப்பின் 65ஆம் அத்தியாயம்தான் இப்போதைய விதிப்புத்தகம். மட்டம் போட்டது உண்மை என்று கோர்ட் முடிவு செய்தாலும் அது குற்றத் தீர்ப்பு ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஜஸ்டிஸ் கோர்ட் (சிறு வழக்குகளுக்கான உள்ளூர் கோர்ட்), முனிசிபல் (நகர) கோர்ட், மிகப் பெரிய கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கவுண்டி கோர்ட் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன.

கணக்கு இதுதான்: 12 வயது நிரம்பி 19 நிரம்பாத பிள்ளை, ஒரே கல்வியாண்டில், ஆறு மாதத்துக்குள், 10 நாள் அல்லது 'நாளின் பகுதி' காரணமில்லாமல் வராமல் இருந்தால் கோர்ட் வரை போகலாம். அந்த 'நாளின் பகுதி'யில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். காலையில் வந்து, மதியம் நாலாவது பீரியடுக்கு மட்டும் கேன்டீன் பக்கம் ஒதுங்கிய பிள்ளையின் பக்கத்தைப் பெற்றோர் போர்ட்டலில் திறந்து பாருங்கள். மற்ற ஆறு கட்டமும் சுத்தமாக இருக்கும், நாலாவதில் மட்டும் காரணமில்லை என்பதற்கான ஓர் எழுத்து. அதுவும் ஒரு கணக்கு. வாரம் ஒரு பீரியட் வீதம் பத்து வாரம் போனால் பத்தும் நிரம்பிவிடும். முழு நாள் ஒன்றுகூட வீட்டில் இருந்ததில்லையே என்று பெற்றோர் வாய் பிளப்பது இதனால்தான். எத்தனை நிமிடம் தாமதித்தால் வராததாக எழுதுவார்கள் என்பது ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் கையேட்டில் இருக்கும். ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும் அந்தப் புத்தகத்தில் வருகைப் பதிவுப் பக்கத்தையாவது படித்துவிட்டுப் போடுங்கள்.

எது காரணமுள்ள விடுப்பு? மதப் பண்டிகை, கோர்ட்டில் ஆஜராவது, மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வகுப்புக்குத் திரும்புவது, குடியுரிமைச் சடங்கு, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரி பார்க்கப் போகும் நாள்கள் (வருடத்துக்கு இரண்டு) ஆகியவை சட்டத்திலேயே இருக்கின்றன. பண்டிகைக்குப் பெற்றோர் எழுதும் சீட்டு போதும். பட்டியலில் இல்லாதது ஊர்ப் பயணம். டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் ஒரு வாரம், பின்னால் ஒரு வாரம் சேர்த்து டிக்கெட் போட்டால் ஒரே பயணத்தில் பத்து நாள் போய்விடும். ஆசிரியரோ முதல்வரோ ஏற்கிற எந்தக் காரணத்துக்கும் விடுப்பு தரலாம் என்று சட்டத்தில் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கிறது. ஆனால் அதைக் கிளம்புவதற்கு முன், எழுத்தில் வாங்க வேண்டும். வந்தபின் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள், அந்தப் பார்த்தல் முடிவதற்குள் எண்ணிக்கை ஏறிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். 90 சதவீத விதி வேறு, ட்ரூயன்சி வேறு. வகுப்பு நடந்த நாள்களில் 90 சதவீதம் வந்திருந்தால்தான் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட், அதாவது அதை முடித்ததாகக் கணக்கு. காரணத்தோடு விடுப்பு எடுத்த நாள்களும் இதில் குறையாகத்தான் விழக்கூடும், டாக்டர் சீட்டு எல்லாச் சமயத்திலும் கேடயமாக இருக்காது. 75க்கும் 90க்கும் நடுவில் இருந்தால் முதல்வர் ஒப்பும் ஒரு திட்டத்தை முடித்து மீட்கலாம், அதற்கும் கீழே என்றால் வருகைக் குழுவிடம் மனு. கோர்ட் நோட்டீஸ் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு, மே மாதம் கிரெடிட் போனது தெரிந்து அலறுபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்கள்.

கோர்ட்டுக்கு முந்தைய படிதான் இந்தச் சேவையின் இதயம், பலரும் கண்டுகொள்ளாததும் அதுவே. நாலு வாரத்துக்குள் மூன்று நாள் (பகுதியும் சேர்த்து) விட்டதும் பள்ளி பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், தடுப்பு நடவடிக்கையும் தொடங்க வேண்டும். நடத்தை ஒப்பந்தம், பள்ளிக்குள்ளேயே சமூக சேவை, ஆலோசகரிடம் அல்லது வழிகாட்டியிடம் அனுப்புவது என்று அதற்குச் சில வடிவங்கள். ஒப்பந்தம் என்றால் 45 பள்ளி நாளுக்கு மேல் நீளக் கூடாது. கையெழுத்திடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'இனி ஒழுங்காக வருவேன்' என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. பிள்ளை ஏன் அந்தக் குறிப்பிட்ட பீரியடை மட்டும் தவிர்க்கிறான் என்ற கேள்வி அதில் இருக்க வேண்டும். கணக்கு வகுப்பில் பின்தங்கியதா, யாரோ மிரட்டுகிறார்களா, இரவு வேலைக்குப் போய்க் காலையில் எழ முடியவில்லையா? காரணம் தெரிந்தால் பீரியடை மாற்றலாம், டியூட்டோரியல் சேர்க்கலாம். கர்ப்பம், வீடில்லாமை, மாநில வளர்ப்புப் பராமரிப்பு, குடும்பத்துக்கே அந்தப் பிள்ளையின் சம்பளம்தான் பிரதான வருமானம் ஆகியவற்றால் வராமல் இருந்தால் பள்ளி கோர்ட்டுக்கு அனுப்பவே கூடாது. கேட்காமல் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை.

இனி காகிதம். பத்தாவது நாளைத் தாண்டிப் பத்துப் பள்ளி நாள்களுக்குள் பள்ளி கோர்ட்டுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். தடுப்பு நடவடிக்கை பலன் தருகிறது என்றால் தள்ளிப்போடலாம். பரிந்துரையோடு இரண்டு விஷயம் கட்டாயம்: நடவடிக்கை எடுத்தோம், பலிக்கவில்லை என்ற சான்று, பிள்ளை சிறப்புக் கல்விக்குத் தகுதியானவரா என்ற குறிப்பு. கடைசியாக விட்ட நாளிலிருந்து 45 நாளுக்குப் பிறகு அரசுத் தரப்பு கோர்ட்டில் மனு போட முடியாது. சம்மனைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டியது தலையில் கைவைப்பது இல்லை, ஒரு காலண்டரை எடுத்து இந்தத் தேதிகளைப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. சான்று இல்லை, அல்லது காலம் கடந்தது என்றால் வழக்கைத் தள்ளுபடி செய்வது நீதிபதியின் கடமை, கருணை இல்லை.

விசாரணை நாள். சம்மன் குறைந்தது ஐந்து நாள் முன்னால் வந்திருக்க வேண்டும். பிள்ளையும் பெற்றோரும் நேரில் போக வேண்டும். பெற்றோர் போகாவிட்டால் 100 டாலர் வரை அபராதம் விழலாம். இதற்காக லீவு எடுத்தவரை முதலாளி வேலையிலிருந்து நீக்க முடியாது. ஆங்கிலம் புரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு, ஆனால் தமிழுக்கு ஆள் அன்று காலையில் கிடைக்க மாட்டார். சம்மன் வந்த அன்றே கோர்ட் எழுத்தரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதைப் போலத் தப்பு வேறில்லை.

உள்ளே போனதும் பிள்ளையின் பதில் 'உண்மை' அல்லது 'உண்மையில்லை'. வரிசை நீளமாக இருக்கும் கோர்ட்டில் 'உண்மை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் அவசரம் எல்லோருக்கும் வரும். அந்த ஒற்றைச் சொல்லில் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று பாருங்கள்: வாய் திறக்காமல் இருக்கும் உரிமை, ஆறு பேர் ஜூரி (கட்டணமில்லை), சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய அரசுத் தரப்பின் சுமை. பத்தில் சில நாள்களுக்குப் பள்ளி அனுமதி இருந்தது, அல்லது பிள்ளையின் விருப்பத்தை மீறி நடந்தது என்று காட்டி, மிச்சம் பத்துக்குக் கீழே இறங்கினால் வழக்கு நிற்காது. ஊர்ப் பயணத்தில் இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளைக்கு இந்த வாதம் பொருந்த வாய்ப்புண்டு. ஆனால் இதை நிரூபிப்பது பிள்ளையின் பொறுப்பு. டாக்டர் சீட்டு, மின்னஞ்சல், பேருந்து வராத நாள் என்று தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போக வேண்டும். கையில் இருப்பது பை நிறையக் கசங்கிய சீட்டு என்றால் பாதி தோற்ற கதை. இந்தச் சேவையின் பெரிய ஓட்டையும் இங்கேதான்: வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் அரசு செலவில் ஒருவர் நிச்சயம் கிடைப்பார் என்றில்லை.

தோற்றால் என்ன? ஒழுங்காகப் பள்ளிக்குப் போ என்பது முதல் உத்தரவு. அதோடு 50 மணி நேரத்துக்கு மிகாத சமூக சேவை (வாரம் 16 மணிக்கு மேல் கூடாது), டியூட்டோரியல், 16 வயது நிரம்பியிருந்தால் சில சமயம் உயர்நிலைப் பள்ளிச் சமானத் தேர்வு. ஓட்டுநர் உரிமத்தையும் நிறுத்தலாம். பிள்ளைகள் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான். லாப நோக்கில் நடத்தும் ட்ரூயன்சி வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் தடுத்திருப்பது நல்ல முன்யோசனை. அப்படி யாராவது கட்டண வகுப்பை 'கோர்ட் ஏற்கும்' என்று விற்றால் பணப்பையை மூடுங்கள். கோர்ட் செலவு 50 டாலர், கட்ட முடிந்தவர்களிடம் மட்டும். உத்தரவு 180 நாள் அல்லது கல்வியாண்டு முடிவு, எது பிந்தியதோ அதுவரை நிற்கும். மீறினால் 100 டாலர் வரை அபராதம், உரிம நிறுத்தம். சிறை கிடையாது.

பெற்றோர் மேல் வருவது தனி வழக்கு, அது இன்னும் கிரிமினல்தான். எச்சரிக்கை வந்தும் அலட்சியமாக இருந்தார்கள் என்று காட்டினால் முதல் தடவை 100 டாலர் வரை, ஒவ்வொரு தடவைக்கும் நூறு கூடி ஐந்தாவதிலிருந்து 500 வரை. வேலை விசாவில் இருப்பவர்கள் பிள்ளையின் வழக்கைவிட இதற்கு முதலில் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

சட்டத்தின் எழுத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம், கவுன்டரில் கிடைக்கும் விளக்கத்துக்கு இரண்டு. உத்தரவை முடித்த பிள்ளை 18 வயது நிரம்பியதும் வழக்குப் பதிவுகளைப் பிறர் பார்க்க முடியாதபடி முத்திரையிடக் கேட்கலாம். கேட்காமல் நடக்காது, அதனால் சமூக சேவை முடித்த சான்றையும் கடைசி உத்தரவின் நகலையும் அதுவரை ஒரே உறையில் பத்திரமாக வையுங்கள்.