சிறு ஊர்களுக்கு இடையே பறக்க: நேரடி ஏடிஆரா, சுற்றிப் போகும் ஜெட்டா?

ஏடிஆர் என்பது இறக்கையில் சுழல்விசிறி (புரொப்பெல்லர்) வைத்த சிறு விமானம். இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரம் காட்டும் தளங்களில் தேடினால் ஜெட்டில் அரை மணி நேரம்தான் என்று வந்து நிற்கும். தூரத்தை வேகத்தால் வகுத்த கணக்கு அது. அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

முதலில் தூரம். தளம் காட்டுவது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி. விமானமோ எதிர்க்காற்றைப் பார்த்துக் கிளம்பும். போகவேண்டிய திசைக்கு நேர் எதிராகக்கூட மேலேறும். அப்புறம் வான்பாதையைப் பிடித்து, இறங்கும்போது ஓடுதளத்துக்கு நேராக வர ஒரு வளைவு போடும். நீண்ட பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது. 400 கிலோமீட்டரில் நன்றாகவே தெரியும்.

இனி வேகம். ஏடிஆர் 72 ரக விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும், ஏர்பஸ் ஏ320 ஜெட் சுமார் 830. இவ்வளவு வித்தியாசம் இருந்தும், குறுகிய தூரத்தில் ஜெட்டுக்கு மிச்சமாவது ஏறக்குறைய கால் மணி நேரம்தான். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதையும் தாண்டி மேலே ஏறி முழு வேகம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே ஜெட் இறங்கத் தொடங்கவேண்டும். 1,000 கிலோமீட்டர் என்றால் கதை வேறு. அங்கே ஜெட் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் முந்திவிடும்.

ஆனால் சிறு ஊர்களுக்கு இடையே நேரடி ஜெட் கிடைப்பதே அபூர்வம். 70 பேர் ஏறும் ஏடிஆர் நிரம்பும் வழித்தடத்தில் 180 இருக்கை நிரம்பாது. அதனால் ஜெட் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரு பெருநகரம் போய் மாறவேண்டும். ஒரு மணி நேரப் பறத்தல், ஒன்றரை இரண்டு மணி நேரக் காத்திருப்பு, மறுபடி ஒரு மணி நேரம். நாலு மணி நேரம் போயே போய்விடும். ஏடிஆர் நேராகப் போனால் கிளம்பும் இடத்தில் சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கும் வரை ஒன்றேகால் மணி நேரம் போதும்.

ஏடிஆரில் குறைகளும் உண்டு. ஜெட்டைப்போல 35,000 அடிக்கு அது ஏறாது. 25,000 அடிதான் உச்சம். மேகமூட்டமான நாளில் குலுக்கல் அதிகம். தலைக்கு மேலுள்ள பெட்டியறை சிறியது, சக்கரம் வைத்த கைப்பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம், சரக்கறை முன்பக்கம். ஆகவே சீக்கிரம் இறங்கவேண்டுமென்றால் கடைசி வரிசைகளைக் கேட்டு வாங்குங்கள்.

600 கிலோமீட்டர் வரை நேரடி ஏடிஆர் இருந்தால் நான் வேறெதையும் பார்க்க மாட்டேன். அது வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது, உங்கள் தேதிக்கு இல்லை என்றால் மாறித்தான் போகவேண்டும். அப்போது இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான்.